சிபாப் கருவியும் உறக்கம் வராத சிக்கலும்: ஒரு வரலாறு

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உள்ளவர்களுக்கு, முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் கருவி சிபாப் எனப்படுகிறது. தொடர்ச்சியான நேர்மறைக் காற்றழுத்தம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கமே இப்பெயர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1980-ஆம் ஆண்டு காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இம்முறையை முதன்முதலில் தூக்க மூச்சுத்தடை நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார். இன்று இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை இதுவே.

நல்ல உறக்கத்தைத் தருவதற்காக உருவான இக்கருவியை அணிந்துகொண்டு உறங்க முடியவில்லை என்பதே அதைப் பற்றிய பெரிய முறையீடாகவும் இருந்துவருகிறது. இம்முறையீட்டுக்கு மருத்துவ உலகம் முதலில் கருவியில் தீர்வு தேடியது. உறங்குபவரின் மனத்தையும் பழக்கத்தையும் அது கவனித்தது வெகுநாள் கழித்தே. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

கருவி செயல்படும் முறை

விழித்திருக்கும்போது நாக்கின் தசைகளும் தொண்டைத் தசைகளும் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கம் வந்ததும் இத்தசைகள் தளர்கின்றன. தொண்டை குறுகலாக உள்ளவர்களுக்கு இத்தளர்ச்சியில் பாதை மூடிக்கொள்கிறது. மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுபோகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது. உரத்த குறட்டையுடன் மூச்சு மீள்கிறது. ஒரு மணி நேரத்தில் இவ்வாறு 30 முறையோ அதற்கு மேலோ நிகழ்ந்தால் நோய் கடுமையானது என வகைப்படுத்துகின்றனர். நோயாளிக்குப் பெரும்பாலும் இவ்விழிப்புகள் நினைவில் இருப்பதில்லை. பகலில் அடக்க முடியாத தூக்கம் வருவதையே அவர் உணர்கிறார்.

சிபாப் கருவியின் சிறு விசிறி அறைக்காற்றை இழுத்துக் குழாய் வழியாக முகமூடிக்கு அனுப்புகிறது. அக்காற்றின் அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. இந்த அழுத்தம் நீரின் உயரத்தால் அளக்கப்படுகிறது. நீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் ஓர் உறிஞ்சுகுழலின் முனையை வைத்து ஊதிக் குமிழி வரவழைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுவே 10 செ.மீ. நீரழுத்தம். வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். வீட்டுக் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. வரை அழுத்தம் தருகின்றன.

உறக்கம் வராத சிக்கலின் வேர் இந்தச் செயல்முறையிலேயே உள்ளது. விழித்திருப்பவரின் தொண்டை தானாகவே திறந்திருப்பதால் அவருக்கு இக்காற்று தேவையில்லை. தேவைப்படுவது உறங்கியவருக்கு, ஆனால் அவர் அதன் பயனை அந்நேரத்தில் அறிவதில்லை. முகத்தை இறுக்கும் பட்டை, மூக்கில் மோதும் காற்று, எதிர்க்காற்றில் மூச்சை வெளிவிடும் முயற்சி ஆகிய தொல்லைகள் எல்லாம் விழித்திருப்பவரின் பங்காகவும், நன்மை முழுவதும் உறங்கியவரின் பங்காகவும் பிரிந்துவிடுகின்றன. படுத்தது முதல் கண்ணயரும் வரையிலான இடைவெளியை நோயாளி எப்படியாவது கடந்தாக வேண்டும். மூச்சைப் பற்றிய கவனம் மிகுந்தால் உறக்கம் மேலும் விலகும்.

சிபாப்பிற்கு முன்

சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37-இல் எழுதிய பிக்விக் பேப்பர்ஸ் நாவலில், எந்நேரமும் தூங்கி விழும் ஜோ என்ற பருத்த சிறுவன் வருகிறான். 1956-இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல் குழுவினர், உடல் பருமனும் பகல் தூக்கமும் கொண்ட ஒருவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்நாவலை நினைவூட்டும் வகையில் 'பிக்விக்கிய நோய்க்குறித்தொகுதி' என்று பெயரிட்டனர். அந்நோயாளி சீட்டாட்டத்தில் வெல்லத்தக்க சீட்டுகள் கையில் இருந்தபோதே தூங்கிப்போனவர்.

இந்நோயாளிகள் ஏன் பகலில் தூங்குகிறார்கள் என்பதற்கான விடை, அவர்களை இரவில் கவனித்தபோதுதான் கிடைத்தது. 1965-இல் பிரான்சின் மார்சேய் நகரில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே நோயாளிகளின் உறக்கத்தையும் மூச்சையும் ஒருங்கே பதிவுசெய்து, மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைக் கண்டனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லெமினோவும் வில்லியம் டிமென்ட்டும் 1970-களில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தனர்.

அப்போது இருந்த உறுதியான சிகிச்சை ஒன்றே: கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிட்டு, அடைபடும் தொண்டையைத் தவிர்த்துவிடுவது. இது பலன் தந்தது. எனினும் வாழ்நாள் முழுதும் கழுத்தில் துளையோடு இருப்பதைப் பலர் ஏற்கவில்லை.

அழுத்தக் காற்றைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதும் அப்போது புதிதன்று. 1936-இல் இலண்டன் மருத்துவர் பூல்டன், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு வேக்குவம் கிளீனரின் ஊதுகாற்றைப் பயன்படுத்தியது பற்றி எழுதியிருந்தார். 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினர், மூச்சுத்திணறும் 20 பச்சிளங்குழந்தைகளுக்குத் தொடர் அழுத்தக் காற்றைத் தந்தனர். அவர்களில் 16 பேர் பிழைத்தனர்.

சிட்னி, 1980

காலின் சல்லிவன் 1970-களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோ நகரில் எலியட் பிலிப்சனுடன் சேர்ந்து, உறங்கும் நாய்களின் மூச்சுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்தார். நாயின் முகவாயில் பொருந்தும் முகமூடிகளைச் செய்த பழக்கம் அவருக்கு இருந்தது. சிட்னி திரும்பிய பின், 1980 ஜூன் மாதத்தில், கழுத்துத் துளைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு நோயாளி, அதை விரும்பாமல் இந்தச் சோதனைக்கு உடன்பட்டார். மூக்குக்குப் பொருந்தும் முகமூடி, குழாய், ஊதுகாற்று தரும் ஒரு மோட்டார் ஆகியவையே கருவி. அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது மூச்சுத்தடை நின்றது. நோயாளி ஆழ்ந்து உறங்கினார்.

1981 ஏப்ரலில் தி லான்செட் இதழில் சல்லிவனும் அவருடைய உடன்பணியாளர்கள் மூவரும் ஐந்து நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். 4.5 முதல் 10 செ.மீ. வரையிலான அழுத்தமே ஐவருக்கும் இரவு முழுதும் தடையற்ற உறக்கத்தைத் தந்தது. மூக்கு முகமூடி வசதியானது என்றும் அக்கட்டுரையின் சுருக்கம் குறிப்பிட்டது.

அந்த ஐவரும் கடுமையான நோய் உள்ளவர்கள் என்பதை இங்கே கருத வேண்டும். இரவுதோறும் உறக்கம் சிதைந்தவர்கள் படுத்தவுடன் உறங்கிவிடக் கூடியவர்கள். உறங்கத் தொடங்குவது அவர்களுக்குச் சிக்கலே அன்று. ஆகவே முதல் நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தில், முகமூடியோடு கண்ணயர இயலாதவர் என்ற ஒருவர் இடம்பெற வாய்ப்புக் குறைவு. ஆனால் அத்தகையவர்கள் இருப்பதற்கான குறிப்பு முன்பே கிடைத்திருந்தது. 1973-இல் கில்லெமினோவும் டிமென்ட்டும் மற்றொருவரும் சயின்ஸ் இதழில், மூச்சுத்தடையோடு தூக்கமின்மையும் சேர்ந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தனர். பகல் தூக்கமே இந்நோயின் அடையாளம் என்று கருதப்பட்ட அக்காலத்தில், அக்கட்டுரை நெடுநாள் போதிய கவனம் பெறவில்லை.

வீட்டுக்கு வந்த கருவி

தொடக்ககால நோயாளிகள் தங்கள் மூக்கின் அச்சில் செய்த முகமூடியை ஒவ்வோர் இரவும் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தனர். காலையில் அதைப் பிய்த்தெடுக்க வேண்டும். மோட்டாரின் இரைச்சலும் பெரிது. 1985-இல் அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் விற்பனைக்கான கருவியை வெளியிட்டது. 1989-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஃபாரல் தொடங்கிய நிறுவனம், சல்லிவனின் கண்டுபிடிப்பை வணிகமாக்கியது. பின்னர் ரெஸ்மெட் என்று பெயர் பெற்றது இந்நிறுவனமே.

அதன்பின் கருவியை வசதியாக்கும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

படிப்படி ஏற்றம்: கருவியை இயக்கியதும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நோயாளி உறங்குவதற்கான நேரம் கொடுத்து, மெல்ல உரிய அழுத்தத்துக்கு உயரும் ஏற்பாடு. 'ராம்ப்' எனப்படும் இது, கண்ணயரும் இடைவெளிக்கென்றே அமைந்த வசதி.

இரட்டை அழுத்தம்: உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிட அதைவிடக் குறைந்த அழுத்தம். சாண்டர்ஸ், கெர்ன் ஆகியோர் 1990-இல் இதன் பயனை விளக்கினர்.

தானியங்கி அழுத்தம்: தேவைக்கேற்பக் கருவியே அழுத்தத்தை மாற்றிக்கொள்வது. சல்லிவன் குழுவில் இருந்த மைக்கேல் பெர்த்தன்-ஜோன்ஸ் 1993-இல் இதன் இயலுமையைக் காட்டினார்.

ஈரப்பதமூட்டி: சூடாக்கிய நீரின் மேல் காற்றைச் செலுத்தி, மூக்கும் தொண்டையும் வறண்டுபோகாமல் காப்பது.

முகமூடிகளும் சிறுத்தன. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் மென்மையான முனைகள் வந்தன. மோட்டாரின் ஒலியும் பெரிதும் அடங்கியது.

நான்கு மணி நேரம் என்ற அளவு

நோயாளிகள் கருவியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு முதல் பத்தாண்டில் அவர்களின் வாய்மொழியே பெரும்பாலும் சான்று. 1993-இல் அமெரிக்காவில் நான்சி கிரிப்ஸ் குழுவினர், 35 நோயாளிகளின் கருவிகளில் நுண்செயலி பொருத்தி உண்மையான பயன்பாட்டை அளந்தனர். 60 விழுக்காட்டினர் நாள்தோறும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் 70 விழுக்காடு நாள்களிலாவது 4 மணி நேரம் பயன்படுத்தியவர்கள் 46 விழுக்காட்டினரே, அதாவது 16 பேர்.

ஒழுங்கான பயன்பாடு எது என்று காட்ட அந்த ஆய்வு கையாண்ட வரம்பு, பின்னர் பரவலான அளவுகோலாயிற்று. அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம், முதல் மூன்று மாதங்களில் தொடர்ச்சியான ஏதேனும் 30 நாள்களில் இவ்வரம்பை எட்டினால்தான் கருவிக்குத் தொடர்ந்து பணம் தரும் என 2008-இல் வகுத்தது. உறங்க முடியாமல் தவித்தவருக்கு இது புதிய கவலையைச் சேர்த்தது. படுக்கையில் புரளும் ஒவ்வொரு மணியும் இப்போது கணக்கில் ஏறியது.

1997-இல் டெரி வீவர் குழுவினர் மற்றொரு செய்தியைக் கண்டனர். கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துவோருக்கும் விட்டுவிட்டுப் பயன்படுத்துவோருக்கும் இடையிலான வேறுபாடு நான்காம் இரவிலேயே தெரியத் தொடங்குகிறது. கருவியோடு உறங்கப் பழகுவது முதல் சில இரவுகளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிறது என்பது இதனால் விளங்கியது.

இக்காலத்தில் நோயாளிகளின் வகையும் விரிந்தது. 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெரி யங் குழுவினர், பணிபுரியும் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 602 பேரை ஆராய்ந்தனர். ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் ஒரு மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ மூச்சுத்தடை இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்திருந்தவர்கள் ஆண்களில் 4 விழுக்காட்டினர், பெண்களில் 2 விழுக்காட்டினர் மட்டுமே. அரிதான கடும்நோய் என்று எண்ணப்பட்டது பரவலானது எனத் தெரிந்ததும், பகலில் தூங்கி விழாதவர்களுக்கும் சிபாப் பரிந்துரைக்கப்படலாயிற்று. படுத்தவுடன் உறங்கிவிடாத இவர்களுக்கு முகமூடி ஒரு தடையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

தூக்கமின்மை கவனத்துக்கு வருதல்

2001-இல் பாரி கிராக்கோ குழுவினர், தூக்கத்தில் மூச்சுக் கோளாறு உள்ள 231 பேரை ஆராய்ந்து, அவர்களில் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க தூக்கமின்மை இருப்பதைக் கண்டனர். 1973-இல் எழுதப்பட்டது மீண்டும் பேசப்பட்டது. இவ்விரு நோய்களும் சேர்ந்த நிலை இன்று 'கொமிசா' என்ற சுருக்கப்பெயரால் அறியப்படுகிறது.

இதிலும் நுட்பமான வேறுபாடுகள் உண்டு. 2010-இல் எமர்சன் விக்வயர் குழுவினர் 232 நோயாளிகளைப் பார்த்தபோது, இரவின் தொடக்கத்தில் உறக்கம் வராதவர்களைவிட, நடு இரவில் விழித்து மீண்டும் உறங்க முடியாதவர்களிடமே கருவிப் பயன்பாடு குறைவாக இருந்தது. களைப்பு மிகுந்த முன்னிரவில் ஒருவர் முகமூடியோடு உறங்கிவிடலாம். பாதித் தூக்கம் தீர்ந்த பின்னிரவில் விழிப்பு வரும்போதுதான் அதைக் கழற்றி வைக்கத் தோன்றும்.

சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் ஆராயப்பட்டன.

முதலாவது, அச்சத்தைக் குறைத்தல். முகத்தை மூடினால் மூச்சடைப்பது போன்ற பீதி சிலருக்கு ஏற்படுகிறது. 1993-இல் எடிங்கர், ராட்கி ஆகியோர், முகமூடியைப் பகலில் சிறிது சிறிதாக அணிந்து பழகச் செய்து ஒரு நோயாளியின் பீதியைப் போக்கியதைப் பதிவுசெய்தனர்.

இரண்டாவது, மருந்து. 2009-இல் அமெரிக்காவில் லெட்டியரி குழுவினர் 160 பேரிடம் நடத்திய ஆய்வில், முதல் 14 இரவுகளுக்கு மட்டும் எஸ்ஸோபிக்ளோன் என்ற தூக்க மருந்தைப் பெற்றவர்கள், அடுத்து வந்த மாதங்களிலும் இரவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கருவியைப் பயன்படுத்தினர். முதல் இரவுகளின் முக்கியத்துவத்தை இது மீண்டும் உணர்த்தியது. எனினும் சில தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுத்தடையை மிகுவிக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் இவற்றை நாடுவது ஆபத்தானது.

மூன்றாவது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை. படுக்கையை உறக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துதல், உறக்கம் வராதபோது எழுந்துவிடுதல், படுக்கையில் கழிக்கும் நேரத்தை முறைப்படுத்துதல் முதலியன இதன் கூறுகள். ரிச்சர்டு பூட்சின் 1970-களில் விளக்கிய கருத்து இதற்கு அடிப்படை: விழித்துப் போராடும் இடமாகப் படுக்கை மாறிவிட்டால், படுக்கையைக் கண்டாலே விழிப்பு வரும். முகமூடியோடு இரவுதோறும் போராடுபவருக்கு முகமூடியும் அவ்வாறே விழிப்பின் அடையாளமாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் அலெக்சாண்டர் ஸ்வீட்மன் குழுவினர் 145 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சிபாப் தொடங்கும் முன் இச்சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட இரவுக்கு 61 நிமிடம் கூடுதலாகக் கருவியைப் பயன்படுத்தினர். 2020-இல் ஜேசன் ஓங் குழுவினர் அமெரிக்காவில் 121 பேரிடம் நடத்திய ஆய்வில் தூக்கமின்மை குறைந்தது. கருவிப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே இச்சிகிச்சை எவருக்கு, எப்போது அதிகம் உதவும் என்ற கேள்வி இன்னும் திறந்தே உள்ளது. பகல் தூக்கம் மிகுந்தவர்களுக்குப் படுக்கை நேரத்தைக் குறைப்பது வாகனம் ஓட்டும்போது ஆபத்தாகலாம் என்பதால், இதையும் மருத்துவ மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

கருவியும் பழக்கமும்: ஓர் ஒப்பீடு

பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் இரண்டு தொகுப்புகள் நாற்பதாண்டு முயற்சிகளை ஒப்பிட உதவுகின்றன. 2019-இல் வந்த தொகுப்பின்படி, தானியங்கி அழுத்தக் கருவியால் கூடிய பயன்பாடு இரவுக்குச் சுமார் 13 நிமிடம். 2020-இல் வந்த தொகுப்பின்படி, நடத்தைச் சிகிச்சை முறைகளால் கூடியது ஒரு மணி நேரத்துக்கு மேல். நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதும், தொடக்கத்தில் துணைநின்று விசாரிப்பதும்கூடச் சராசரியாக அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டின. நுட்பமான இயந்திர மாற்றத்தைவிட, நோயாளியுடன் பேசி அவரைப் பழக்குவது மிகுந்த பலன் தந்திருக்கிறது.

இந்த நிமிடங்கள் பொருட்படுத்தத்தக்கவை. 2016-இல் வெளியான சேவ் என்ற பன்னாட்டு ஆய்வில், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் மூச்சுத்தடையோடு இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோயும் உள்ள 2,717 பேர் பங்குபெற்றனர். சிபாப் பெற்றவர்களின் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் குறையவில்லை. அவர்கள் கருவியைப் பயன்படுத்திய சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணி. இவ்வளவு குறைந்த பயன்பாடு முடிவைப் பாதித்ததா என்பது இன்றும் விவாதப் பொருளாக உள்ளது.

இன்றைய நடைமுறை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, உறக்கம் வராமல் தவிப்பவர்களுக்கான சில வழிமுறைகள் திரண்டுள்ளன.

முகமூடியைப் பகலில், விழித்திருக்கும்போது, படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ சில நிமிடங்கள் அணிந்து, பின் காற்றோடு அணிந்து, பின் ஒரு சிறு உறக்கத்தின்போது அணிந்து பழகலாம். உறக்கம் வந்த பிறகே படுக்கைக்குச் செல்வது நல்லது. வெகுநேரம் உறக்கம் வராவிட்டால் முகமூடியைக் கழற்றி, எழுந்து அமைதியாக அமர்ந்து, உறக்கம் வரும்போது மீண்டும் அணிந்து படுக்கலாம். கழற்றியபடியே உறங்கிவிடுவது பழக்கமாகக் கூடாது. காற்றுக் கசிந்தால் முகமூடியின் அளவையும், மூக்கடைப்பு இருந்தால் மூக்கையும், வறட்சி இருந்தால் ஈரப்பதமூட்டியையும் கவனிக்க வேண்டும். ராம்ப் வசதி இயக்கப்பட்டுள்ளதா என்று கருவி தந்தவரிடம் கேட்டறியலாம். அழுத்தம் மிகுதியாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமே மாற்றுவதோ சிகிச்சையை நிறுத்துவதோ தகாது. இவற்றை முதல் வாரத்திலேயே தொடங்குவது சிறந்தது.

பல மாதங்களாகத் தூக்கமின்மை இருந்தால், அதை முகமூடியின் குறை என்றோ நோயாளியின் பிடிவாதம் என்றோ ஒதுக்காமல், தனி நோயாகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்பதே இன்றைய தூக்க மருத்துவத்தின் நிலைப்பாடு. சிபாப் தொண்டையைத் திறந்து வைக்கும். உறக்கத்தை அது வரவழைப்பதில்லை. மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை உணர ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின.